பாசிப்பெருக்கமா, பாசியேடா?

வணக்கம் அண்ணன்,

நீர்நிலையில் பாசி மளமளவென்று பெருகுவதை ஆங்கிலத்தில் algal bloom என்கிறார்களே, அதற்குத் தமிழில் நீங்கள் போட்ட "பாசி மலர்ச்சி"யைப் பார்த்தேன். மலர்ச்சி என்றதும் முகம்தான் நினைவுக்கு வருகிறது. நாறுகிற தண்ணீருக்கு அது கொஞ்சம் அதிகம். "பாசிப் பூப்பு" இன்னும் மோசம், மஞ்சள் நீராட்டுக்குப் பத்திரிகை அடிக்க வேண்டிவரும். நீறு பூக்கும், உப்புப் பூக்கும் என்கிறோம், சரி. ஆனால் அதெல்லாம் மேலே படிவது. சிக்கலே அங்கேதான்.

மலேசியாவில், பேராக்கின் பாகான் செராய்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக் குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செம்பனைக்கு உரம் போட்ட கையோடு ஒரு மழை, பிறகு நாலைந்து நாள் வெயில் என்றால் தண்ணீர் முழுக்கப் பச்சையாகிவிடும். வாளியில் மொண்டால் வாளிக்குள்ளும் பச்சை. காற்றில்லாத விடியலில் அதே பாசி மேலே வந்து, சாயம் கொட்டியது போல மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். குச்சியால் கீறினால் பிளந்து மறுபடி கூடிக்கொள்ளும். இரண்டும் ஒன்றல்ல.

செயற்கைக்கோளுக்கும் அவை வேறு வேறுதான். நீரில் கலந்த பாசியின் பச்சையம் 665 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே சிவப்பொளியை உறிஞ்சும். நீரிலிருந்து திரும்பி வரும் ஒளியை வரைபடமாகப் போட்டால் 705ஐ ஒட்டி ஒரு மேடு எழும். பாசி எவ்வளவு என்பதற்கு மேட்டின் உயரம்தான் கணக்கு. மேலே திரண்டுவிட்டதோ, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியில் புல்தரை போலப் பளீரென்று தெரியும். (ஆகாயத்தாமரையும் அப்படித்தான் தெரியும், அது தனிச் சண்டை.)

ஆகவே, நீருக்குள் இருப்பது பாசிப்பெருக்கம். மேலே திரள்வது பாசியேடு. காய்ச்சிய பால் ஆறினால் கட்டுமே, அந்த ஏடு. "ஏடு கட்டியிருக்கிறது" என்று வினையும் சும்மா கிடைக்கிறது.

அண்ணன் எழுதியது:
> ஏடு பிடித்திருக்கிறது தம்பி. பெருக்கம் சப்பென்று இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நீலப்பச்சைப் பாசி பாசியே அல்ல, பாக்டீரியா. அதற்கு என்ன சொல்வாய்?

கடற்குதிரை குதிரையா அண்ணன்? பெயர் ஊன்றிவிட்டது, விட்டுவிடுவோம்.

எனக்கு உறுத்துவது நேரம். சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் 5 நாளுக்கு ஒருமுறை, நம் கடிகாரத்தில் நண்பகலை ஒட்டித்தான் வருகிறது. அதற்குள் காற்று கிளம்பி விடியற்கால ஏட்டைக் கலைத்துவிடும். அதன் படத்தில் 705 பட்டையின் ஒரு கட்டம் (பிக்சல்) 20 மீட்டர். எங்கள் குளத்துக்கு ஏழெட்டுக் கட்டம் தேறினால் பெரிது, அதிலும் கரைப் பனை கலந்திருக்கும். 1906இல் கட்டிய புக்கிட் மேரா நீர்த்தேக்கம் என்றால் தாராளம், மேகம் விட்டால். செயற்கைக்கோள் படத்துக்கான குறிப்பை இப்படி எழுதிப் பார்த்தேன்: "பாசிப்பெருக்கம் உண்டு; படமெடுத்த நேரத்தில் பாசியேடு இல்லை." படித்துச் சொல்லுங்கள்.