தினமும் நாலைந்து காபி: அடியோடு விடணுமா, குறைத்தால் போதுமா?

வெண்ணிலா

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 38. எழுந்ததும் ஒரு காபி, காலைச் சாப்பாடு முடிந்த கையோடு ஒன்று, அலுவலகத்தில் பதினோரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று, வேலை இழுத்துக்கொண்டு போனால் ராத்திரி ஏழு மணிக்கு மேல் இன்னொன்று என்று பல வருடங்களாக ஓடுகிறது. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.2 என்று வந்தது, டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். தைராய்டு மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறேன், அதை விழுங்கி ஐந்து நிமிடத்தில் காபி டம்ளர் கையில் இருக்கும். படுத்தால் தூக்கம் வந்துவிடுகிறது, ஆனால் இரண்டு மணி வாக்கில் முழிப்பு வந்தால் அப்புறம் புரண்டு புரண்டு படுப்பதுதான்.

அக்கா "காபி விஷம், இன்றைக்கே நிறுத்து" என்கிறாள். கூட வேலை பார்க்கும் தோழி, காபி குடிப்பவர்கள்தான் அதிக நாள் வாழ்கிறார்கள், கல்லீரலுக்கு நல்லது என்று தினம் ஒரு செய்தி அனுப்புகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடிக்காமல் இருந்து பார்த்தேன், பொழுது சாய்வதற்குள் மண்டையைப் பிளக்கிற தலைவலி. யார் சொல்வதை எடுத்துக்கொள்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சீராளன்

மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன், அதனால் உங்கள் மாத்திரைகளிலிருந்தே ஆரம்பிக்கிறேன் சகோதரி. காபி நல்லதா கெட்டதா என்ற சண்டையை ஓரமாக வையுங்கள். நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் என் கண்ணில் பட்டது காபி இல்லை, நீங்கள் அதைக் குடிக்கும் நேரம்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடுதான் விழுங்க வேண்டும், அதன் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காபி கூடாது. உடனே குடித்தால் மருந்து குடலில் சரியாக உறிஞ்சப்படாது, ரத்தத்தில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு போதாதபோது கூடுவது) அளவு ஏறி நிற்கும், டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போவார், காரணம் யாருக்கும் புரியாது.

அடுத்தது இரும்பு. காபியில் இருக்கும் பாலிஃபீனால்கள் உணவில் உள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குறிப்பாகத் தாவர உணவிலிருந்து வரும் இரும்பை. 1983-இல் வந்த பழைய ஆய்வு ஒன்று உண்டு. உணவோடு ஒரு கப் காபி குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 39 சதவீதம் குறைந்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்தால் பாதிப்பே இல்லை, ஆனால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் கூடவே குடித்த அளவுக்குத் தடை இருந்தது. ஆக, "சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தானே குடிக்கிறேன்" என்பது கைகொடுக்காது, சாப்பாட்டுக்கு முன்னால் தள்ளுவதுதான் வழி. நீங்கள் விட வேண்டிய முதல் கப் அந்தச் சாப்பிட்ட கையோடு குடிக்கிற கப்தான்.

இன்னொன்று: இரும்பு மாத்திரைக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவில் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையைக் காபியிலிருந்தும் தள்ளி, இரவில் வைத்துக்கொள்ளலாமா என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். ஹீமோகுளோபின் குறைந்ததற்குக் காபி மட்டும் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். மாதவிடாயில் அதிகம் போகிறதா, வயிற்றில் எங்காவது ரத்தக் கசிவு இருக்கிறதா என்பதை அவர் பார்த்தே ஆக வேண்டும்.

தேன்மொழி

வெண்ணிலா, விஷம் என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். அந்தப் பயத்துக்கு ஒரு பின்கதை இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1991-இல் காபியைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு சேர்த்து "வாய்ப்பு இருக்கலாம்" என்ற பட்டியலில் வைத்தது. 2016-இல் அதே முகமை எல்லா ஆய்வுகளையும் திரும்பப் பார்த்துவிட்டு அதிலிருந்து எடுத்துவிட்டது. அப்போது அவர்கள் எச்சரித்தது எந்தப் பானமானாலும் 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதைப் பற்றி, அது உணவுக்குழாய்க்கு ஆபத்து என்று. அது மக்களிடம் பரவவே இல்லை, பழைய பயம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

உங்கள் தோழி சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. தினமும் காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் சுருக்கம், கல்லீரல் புற்றுநோய், இரண்டாம் வகை சர்க்கரை நோய், பார்க்கின்சன் நோய் எல்லாம் குறைவாக வருவதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த பெரிய தொகுப்பாய்வில் மூன்று நாலு கப் குடிப்பவர்களிடம்தான் நன்மை அதிகம் தெரிந்தது. காஃபின் நீக்கிய காபிக்கும் கல்லீரல், சர்க்கரை விஷயத்தில் இதே போக்கு இருப்பதால், பலன் காஃபினால் மட்டும் வருவதில்லை என்று தெரிகிறது. ஆனால் இதெல்லாம் ஆட்களைப் பல வருடம் கவனித்துப் பார்த்த ஆய்வுகள். உடம்பு சரியில்லாதவர்கள் தாங்களாகவே காபியை விட்டுவிடுவதும் உண்டு, அப்போது குடிக்கிறவர்கள் கணக்கில் ஆரோக்கியமாகத் தெரிவார்கள். அதனால் ஏற்கெனவே குடிக்கிறவர் பயப்பட வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன், குடிக்காதவரைக் குடிக்கச் சொல்ல மாட்டேன்.

நீங்கள் சர்க்கரை போடுவதைப் பற்றி எழுதவே இல்லை. ஐந்து கப்புக்கும் இரண்டிரண்டு ஸ்பூன் போட்டால் ஒரு நாளைக்குப் பத்து ஸ்பூன், அந்தக் கணக்கில் காபியின் நன்மையெல்லாம் அடிபட்டுப் போகும்.

இளவழுதி

தேன்மொழி அக்கா சொன்ன ஆய்வெல்லாம் சரி, ஆனால் அது ஆயிரக்கணக்கானவர்களின் சராசரி. என் உடம்பு அந்தச் சராசரியில் இல்லை. இரண்டாவது கப் உள்ளே போனால் நெஞ்சு படபடக்கும், விரல் நடுங்கும், ஒன்றுமில்லாத விஷயத்துக்கெல்லாம் மனம் பதறும். ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள், இதயத்தில் கோளாறு இல்லை. காபியைக் காலையில் ஒன்றோடு நிறுத்திய பிறகு அந்தப் பதற்றம் அடங்கிவிட்டது.

காஃபினை உடைப்பது கல்லீரலில் இருக்கும் சிஒய்பி1ஏ2 என்ற நொதி. அதன் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். புகை பிடிப்பவர்களுக்குச் சீக்கிரம் உடையும், கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். அதனால் பக்கத்து மேசைக்காரர் ஆறு கப் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாரே என்று நாமும் குடிக்க முடியாது. ஏற்கெனவே பதற்ற நோய் இருப்பவர்கள், நெஞ்செரிச்சல் இருப்பவர்கள் எல்லாம் ஆய்வைப் பார்த்து முடிவு செய்யாமல் தங்கள் உடம்பைப் பார்த்து முடிவு செய்வதே மேல். நெஞ்செரிச்சலுக்குக் காஃபின் நீக்கிய காபி கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

வெண்ணிலா

மூவருக்கும் மிக்க நன்றி. சர்க்கரை ஒன்றரை ஸ்பூன் போடுவேன், தேன்மொழி, குறைக்கிறேன். மாத்திரை விஷயத்தை எனக்கு யாருமே இப்படி விளக்கிச் சொன்னதில்லை. சீராளன் சார், இரண்டு சந்தேகம். படுத்ததும் தூங்கிவிடுகிற எனக்கும் சாயங்காலக் காபி தூக்கத்தைக் கெடுக்குமா? தலைவலி வராமல் எப்படிக் குறைப்பது? அப்புறம் என் தங்கை ஐந்து மாதக் கர்ப்பிணி, அவளும் என்னைப் போலத்தான் குடிப்பாள்.

சீராளன்

கெடுக்கும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும், அதுதான் தூக்கத்தை வரவழைப்பது. அது உட்கார வேண்டிய இடத்தில் காஃபின் போய்த் துண்டு போட்டு உட்கார்ந்துகொள்கிறது. ரத்தத்தில் காஃபின் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும், ஏழு மணிக்குக் குடித்ததில் பாதி நள்ளிரவில் இன்னும் உள்ளே இருக்கும். 2013-இல் வந்த ஓர் ஆய்வில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கம் குறைந்தது. அது தூக்கத்தை அளக்கும் கருவியில் தெரிந்த அளவுக்கு அவர்கள் எழுதி வைத்த குறிப்பில் தெரியவில்லை. உங்கள் இரண்டு மணி முழிப்புக்குக் காபி ஒரு காரணமா என்று பார்க்க, மதியத்துக்கு மேல் குடிப்பதைச் சில வாரம் நிறுத்திப் பாருங்கள்.

ஆனால் ஒரேயடியாக வேண்டாம். நீங்கள் பட்டது காஃபின் விலகலால் வரும் தலைவலி. கடைசிக் கப் குடித்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், சிலருக்கு ஒன்பது நாள் வரை கூட நீடிக்கும். ராத்திரிக் கப்பை முதலில் விடுங்கள், ஒரு வாரம் கழித்துச் சாயங்காலக் கப்பைப் பாதியாக்குங்கள், அப்புறம் அதையும் விடுங்கள். தலைவலிக்கு மாத்திரை போட்டால் அட்டையைப் படியுங்கள், சில வலி மாத்திரைகளிலேயே காஃபின் கலந்திருக்கும்.

கொழுப்பு அதிகம் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: தூளைக் கொதிக்க வைத்து வடிகட்டாமல் குடிக்கும் காபியில் காஃபெஸ்டால் என்ற பொருள் இருக்கிறது, அது எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பைக் கூட்டும். காகித வடிகட்டி அதைப் பெரும்பாலும் பிடித்துவிடும், உலோகச் சல்லடை அந்த அளவுக்குப் பிடிக்காது.

தங்கை விஷயத்தில் தாமதிக்க வேண்டாம். உடல்நலம் உள்ள பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபின் வரை பரவாயில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்னது, கர்ப்பிணிகளுக்கு அது 200 மில்லிகிராம்தான். 240 மில்லி வடிகட்டிய காபியில் சுமார் 95 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபியில் 60 வாக்கில் இருக்கும், டீ, கோலா, சாக்லேட் எல்லாம் இதே கணக்கில் சேரும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் காஃபின் பாதியாவதற்கே 15 மணி நேரம் வரை ஆகும், நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும், அதை உடைக்கும் நொதி குழந்தையிடம் கிடையாது. இரண்டு சின்னக் கப்போடு நிறுத்தச் சொல்லுங்கள், அவருக்கும் இரும்பு மாத்திரை கொடுத்திருப்பார்கள், அதையும் காபியையும் தள்ளித் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.