கலைச்சொல் வேண்டல்: அமெரிக்க ‘அட்டர்னி ஜெனரல்’ (லொரெட்டா லிஞ்ச் கட்டுரைக்காக)

நண்பர்களுக்கு வணக்கம்.

லொரெட்டா லிஞ்ச் கட்டுரையில் அவர் வகித்த பதவி ஓரிடத்தில் ‘தலைமை வழக்கறிஞர்’, இன்னோரிடத்தில் ‘நீதித்துறை அமைச்சர்’, தலைப்பில் ‘அட்டர்னி ஜெனரல்’ என்று இருக்கிறது. ஒரே சொல்லாக்க வேண்டும். பழகிய சொல் என்பதால் ‘தலைமை வழக்கறிஞர்’ என்றே வைத்துவிடலாமா?

———

> ‘தலைமை வழக்கறிஞர்’ என்றே வைத்துவிடலாமா?

வேண்டாம் ஐயா. அந்தச் சொல் அவருடைய பதவியைப் பாதியாகக் குறைத்துவிடும். இந்திய அரசமைப்பின் 76ஆம் உறுப்பின்படி அமர்த்தப்படும் நம் நாட்டுத் தலைமை வழக்கறிஞர் (அட்டர்னி ஜெனரல்) ஒன்றிய அரசுக்குச் சட்ட ஆலோசனை சொல்கிறார், அரசுக்காக வாதாடுகிறார். அமைச்சரவையில் அவருக்கு இடமில்லை. அமெரிக்காவிலும் 1789இல் இந்தப் பதவி ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கியது. 1870இல் அதற்கென ஒரு துறையே (டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) உருவாக்கப்பட்ட பிறகு நிலைமை மாறிவிட்டது. எஃப்.பி.ஐ., போதைப்பொருள் தடுப்பு முகமை, கூட்டாட்சிச் சிறைகள் எல்லாம் இன்று அப்பதவியில் இருப்பவரின் பொறுப்பில் இருக்கின்றன. நாடு முழுவதும் உள்ள 93 கூட்டாட்சி வழக்குத்தொடுநர்களும் (யு.எஸ். அட்டர்னி) அவருக்குக் கீழ்தான். அதிபருக்கு ஏதேனும் நேர்ந்தால் பொறுப்பேற்கும் வரிசையில் அவருக்கு 7ஆம் இடம். நீதிமன்றத்தில் வாதாடுவது அவருடைய அன்றாட வேலையே அல்ல. உச்ச நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடச் சொலிசிட்டர் ஜெனரல் தனியாக இருக்கிறார்.

‘நீதித்துறை அமைச்சர்’ இதைவிடச் சிக்கல். தமிழில் நீதித்துறை என்றாலே நீதிமன்றங்கள்தான். 2015 மே மாதம் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா தொடர்பான ஊழல் வழக்கை லிஞ்ச் அறிவித்தார். அதை ‘அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்தது’ என்று எழுதினால், வழக்குப் போட்டதும் தீர்ப்புச் சொல்லப்போவதும் ஒருவரே என்று ஆகிவிடும். துறையை ‘நீதி நிர்வாகத் துறை’ என்று பிரித்துச் சொல்லலாம்.

———

இலங்கையில் ‘சட்டமா அதிபர்’ என்பது சட்டத்திலும் செய்தியிலும் நிலைத்த சொல். அமெரிக்கப் பதவிக்கும் எங்கள் பத்திரிகைகள் அதையே எழுதுகின்றன. ‘ஜெனரல்’ என்பதைப் படைத்தளபதி ஆக்காமல் ‘மா’ என்ற ஓரெழுத்தில் அடக்கிய அழகு அதற்கு உண்டு. பரிசீலியுங்கள்.

———

அழகான சொல் அம்மா, மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்கு அதிபர் என்றால் நாட்டின் தலைவர். உங்கள் பக்கம் அவர் ஜனாதிபதி. ‘அதிபர் ஒபாமா சட்டமா அதிபரை நியமித்தார்’ என்ற வரியில் இங்குள்ளவர் தடுக்கி நிற்பார்.

மலேசியத் தமிழ் ஏடுகள் ‘சட்டத்துறைத் தலைவர்’ என்கின்றன. அதையே பரிந்துரைக்கிறேன். ஒரு துறையை நடத்துபவர் என்ற பொருள் அதில் வெளிப்படையாக இருக்கிறது, மாநில அளவுக்கும் பொருந்தும். பல்கலைக்கழகச் சட்டத்துறையோடு குழம்பக்கூடும் என்பதால் முதல் முறை ‘அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்துறைத் தலைவர்’ என்று முழுதாக எழுதி, பிறகு சுருக்கலாம். இலங்கை வாசகருக்காக அந்த முதல் இடத்திலேயே ‘சட்டமா அதிபர்’ என்பதையும் அடைப்புக்குள் தரலாம்.

அவர் முன்பு வகித்த பதவிக்கு ‘கூட்டாட்சி வழக்குத்தொடுநர்’ வேண்டும். நியூயார்க் கிழக்கு மாவட்டத்தில், அதாவது புரூக்ளின், குயின்ஸ், ஸ்டேட்டன் தீவு, லாங் ஐலண்ட் பகுதிகளுக்கு, 1999 முதல் 2001 வரையும் 2010 முதல் 2015 வரையும் அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார். இரண்டுக்கும் ‘வழக்கறிஞர்’ என்றே போட்டால் அவர் ஏறிய படி கண்ணுக்கே தெரியாது. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் 1959இல் பிறந்த ஒரு கறுப்பினப் பெண் எங்கிருந்து எங்கே போனார் என்பதுதானே கட்டுரையின் உயிர்?

———

அப்படியானால் ‘முதல்’ என்ற சொல்லையும் இப்போதே சரிசெய்துவிடுவோம். கட்டுரையின் முதல் பத்தியில் ‘முதல் பெண் தலைமை வழக்கறிஞரான ஆப்பிரிக்க அமெரிக்கர்’ என்று இருக்கிறது. இது பிழை. பெண்களில் முதலாமவர் 1993இல் வந்த ஜேனட் ரெனோ. ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் முதலாமவர் 2009இல் வந்த எரிக் ஹோல்டர். இரண்டும் ஒருங்கே அமைந்தவர்களில் முதலாமவர் லிஞ்ச். ஆகவே ‘முதல்’ என்பதற்கும் ‘பெண்’ என்பதற்கும் நடுவில் ‘ஆப்பிரிக்க அமெரிக்க’ வந்தே தீர வேண்டும். ‘முதல் பெண்மணி’ அறவே கூடாது. அது அதிபரின் மனைவிக்கு உரியது.

என் திருத்தம்:

“2015 ஏப்ரல் 27 அன்று லொரெட்டா லிஞ்ச் அமெரிக்காவின் 83ஆவது கூட்டாட்சிச் சட்டத்துறைத் தலைவராகப் பதவியேற்றார். அப்பொறுப்புக்கு வந்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவரே.”

அடுத்த வரியில் செனட் வாக்கெடுப்பும் வரட்டும். 2014 நவம்பர் 8இல் அவர் பெயர் அறிவிக்கப்பட்டது. 2015 ஏப்ரல் 23இல்தான் 56–43 என்று ஒப்புதல் கிடைத்தது. ஆள்கடத்தல் தடுப்பு மசோதா ஒன்றில் கட்சிகள் முட்டிக்கொண்டதால், அவரோடு தொடர்பே இல்லாத அந்தச் சண்டை முடியும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. இதை விட்டுவிட்டுப் பாராட்டினால் பாராட்டு வெறுமையாக இருக்கும்.

———

ஏற்கிறேன். கமலா ஹாரிஸ் கட்டுரைக்கும் இதே சொற்கள் பொருந்துகின்றன: சான் பிரான்சிஸ்கோவில் ‘மாவட்ட வழக்குத்தொடுநர்’, 2011 முதல் 2017 வரை கலிஃபோர்னியாவின் ‘மாநிலச் சட்டத்துறைத் தலைவர்’. இவ்விரண்டும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவிகள் என்பதால் அங்கே ‘நியமிக்கப்பட்டார்’ என்ற வினை வரக்கூடாது. ‘தேர்ந்தெடுக்கப்பட்டார்’ என்றே இருக்க வேண்டும். சொலிசிட்டர் ஜெனரலுக்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் இதே இழையில் தாருங்கள்.