வேலையை விட்டுக் கடலோடும்போது சிற்றலை வானொலி மட்டும் போதுமா?

கேள்வி:
அலுவலக வேலையை விட்டுவிட்டு, சிறிய பாய்மரப் படகில் நெடும்பயணம் செல்லவிருக்கிறேன். செயற்கைக்கோள் தொலைபேசியைத் தவிர்த்து, இளமையில் என்னை ஈர்த்த சிற்றலை வானொலியையும் மோர்ஸ் தந்திமுறையையும் மட்டுமே நம்பிச் செல்லலாமா?

பதில் 1:
'மட்டுமே' என்பதை மறுபரிசீலனை செய்யுங்கள். 1999 பிப்ரவரியில் உலகக் கடல்சார் ஆபத்து, பாதுகாப்பு அமைப்பு முழுமையாக நடைமுறைக்கு வந்தபின், முன்பு மோர்ஸ் அபாயக் குறிகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கப்பல்கள் கண்காணிப்பது வழக்கொழிந்துவிட்டது. எனவே நீங்கள் எவ்வளவு நேர்த்தியாக எஸ்.ஓ.எஸ். தட்டினாலும் கேட்பதற்கு எவரும் இல்லாமல் போகலாம். 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அபாயக் குறி அனுப்பும் கருவி கட்டாயம் வேண்டும். அது உங்கள் கனவைக் குலைத்துவிடாது.

பதில் 2:
உயிர்காப்பைப் பொறுத்தவரை அது சரிதான். ஆயினும் சிற்றலையை வெறும் பழைய நினைவு என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். வளிமண்டலத்தின் உயரத்தில் மின்னூட்டம் பெற்ற அடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலைகள், இடையில் எந்த நிறுவனத்தின் கட்டணமும் இன்றி, பல்லாயிரம் கிலோமீட்டர் செல்கின்றன. பொதுவாகப் பகலில் 14 மெகாஹெர்ட்ஸ் பட்டையும் இரவில் 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையும் நன்கு பயன்படும். குறுகிய அலைவரிசை அகலமே போதுமென்பதால், பேச்சு இரைச்சலில் மூழ்கும்போதும் மோர்ஸ் தெளிவாகக் கேட்கும். பொழுதுபோக்காக வானொலியில் ஒலிபரப்புவோருக்கான அமெச்சூர் உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வு கட்டாயம் என்ற பன்னாட்டு விதி 2003இல் நீக்கப்பட்டது; உரிமம் மட்டும் இன்றும் தேவை.

பதில் 3:
வேலையை விடுமுன் ஊதியமில்லா நீண்ட விடுப்பு கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தீர்களா?

கேள்வி கேட்டவர்:
கேட்டேன்; மறுத்துவிட்டார்கள். அபாயக் கருவியை வாங்கிவிடுகிறேன், உரிமத் தேர்வுக்கும் விண்ணப்பிக்கிறேன்.