ஒகேனக்கல்லில் இரண்டு நாள், இரண்டு குடும்பம்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க

மே இரண்டாம் வாரம் ஒகேனக்கல் போகிறோம். பெரியவர்கள் ஐந்து, பிள்ளைகள் நாலு. கடைக்குட்டிக்கு 5 வயது.

காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் அளக்கிற நீர்வரத்தைக் காலையிலேயே பார்த்துவிடுவோம். ஆற்றின் மேல்பக்கம் கோடை மழை கொட்டினால் இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் செம்மண் நிறத்தில் ஏறும், பரிசலும் நிற்கும். பாசிப் பாறைக்கு ரப்பர் செருப்பு ஆகாது. பின்வார் வைத்த சாண்டல்தான்.

முதல் நாள் மதியம் புளிசாதமும் தயிர்சாதமும். சாதத்தில் 1 லிட்டர் பாலுக்கு 2 ஸ்பூன் தயிர் விட்டுப் பிசைந்தால் மதியம் பதமாக இருக்கும். தயிராகவே ஊற்றினால் மே வெயிலில் புளித்துப்போகும். மீனை அங்கேயே வாங்கிப் பொரிக்கக் கொடுத்துவிடலாம்.

குழப்பம் லைஃப் ஜாக்கெட்டில்தான். பெரியவர் அளவை மாட்டினால், குழந்தை விழுந்ததும் ஜாக்கெட் காதுவரை ஏறிக்கொள்ளும், முகம் தண்ணீருக்குள் போகும். தொடையிடுக்கு வார் உள்ள, 15–20 கிலோ எடைக்கான ஜாக்கெட் சேலம், தர்மபுரி பக்கம் வாடகைக்குக் கிடைக்குமா? வாங்கத்தான் வேண்டுமா?

ஒரு பரிசலில் இப்போது எத்தனை பேரை ஏற்றுகிறார்கள்? சின்னப் பிள்ளையையும் ஓர் ஆளாகக் கணக்கிடுவார்களா? செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பதா, குடும்பத்துக்குப் பாதியா? சண்டை வராத வழியாகச் சொல்லுங்க.