நாற்பதைத் தாண்டிப் பாட்டு கற்றுக்கொள்வது சரிவருமா?

செம்பூர்வாசி: மும்பை மாட்டுங்காவில் ஒரு டீச்சரிடம் கர்நாடக இசை கற்கச் சேரலாம் என்று இருக்கிறேன். மேடை ஆசை எல்லாம் கிடையாது. ஆபீஸ், லோக்கல் ட்ரெயின், வீடு என்று ஓடி ஓடி நான் யாரென்றே மறந்துபோன மாதிரி இருக்கிறது, அதற்காகத்தான். பிரயோஜனம் உண்டா?

டோம்பிவிலி மாமி: தாராளமாகச் சேருங்கள். முதலில் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்கிற ஆரம்பப் பயிற்சிதான், மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும் பாட வேண்டும். முதல் காலம் மெதுவாகப் போவதால் சுலபம் என்று நினைப்போம், ஆனால் மூச்சு போதாதது, ஸ்ருதி நழுவுவது, அடுத்த ஸ்வரத்துக்குத் தாவத் துடிக்கிற நம் சுபாவம் எல்லாம் அங்கேதான் அப்பட்டமாகத் தெரியும். ஸ்ருதிக்கு போனில் தம்புரா ஆப் போட்டுக்கொண்டு காலையில் ஸட்ஜமத்தை, அதாவது 'ஸ'வை மட்டும் நீட்டிப் பாருங்கள்.

முலுண்ட் ரசிகன்: தன்னை அறிவது அது இது என்று பெரிதாக எதிர்பார்த்துப் போகாதீர்கள் சார், முதலில் எரிச்சல்தான் வரும். கூடப் படிக்கிற பத்து வயதுப் பிள்ளை நம்மை முந்திவிடும், அதைத் தாங்கிக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. அப்புறம், சண்முகானந்தா சபா கச்சேரிகளை விடாதீர்கள்.

தானே மாமா: ஒன்று மட்டும். உங்கள் ஸ்ருதி எத்தனை கட்டை, அதாவது உங்கள் குரலுக்கு எந்த உயரம் சரிவரும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஆண் குரலுக்குப் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை என்று வரும். சிறுவர்களோடு சேர்த்து ஐந்து கட்டையில் பாட வைத்தால் தொண்டை கட்டிக்கொள்ளும்.