மேற்பெருஞ்சிரை: அழுத்தமா, அமுக்கமா, நெரிப்பா?

ஐயா, வணக்கம்.

உடலின் மேற்பகுதியிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் பெரிய சிரை தடைபடும் நோய் சுப்பீரியர் வீனா கேவா சிண்ட்ரோம். அதற்குத் தமிழ்ப்பெயராக நீங்கள் தந்த 'மேற்பெருஞ்சிரை அழுத்த நோய்' எனக்கு உடன்பாடில்லை. முற்பாதியில் சிக்கல் இல்லை. மேற்பெருஞ்சிரை நம் பாடநூல்களில் நிலைத்த சொல். இலங்கை வழக்கான மேற்பெருநாளத்தையும் பக்கத்தில் குறித்துவிடலாம். இடிப்பது 'அழுத்தம்'தான். இரத்த அழுத்தம் என்று கேட்டுப் பழகியவர்கள், சிரை வெளியிலிருந்து நசுக்கப்படுவதாக அல்ல, சிரைக்குள் இருக்கும் அழுத்தம் என்றே இதைப் புரிந்துகொள்வார்கள். 'அமுக்கம்' என்று மாற்றினாலும் தீராது. இலங்கையில் குருதியமுக்கம் என்பதே இரத்த அழுத்தம்.

அந்தச் சிரை இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 7 செ.மீ. நீளம், மெல்லிய சுவர், உள்ளே குறைந்த அழுத்தம். முன்னே மார்பெலும்பு, அருகிலேயே மூச்சுக்குழலும் பெருந்தமனியும், சுற்றிலும் நிணநீர்க் கணுக்கள். நுரையீரல் புற்றோ லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றோ அங்கே வளர்ந்தால் முதலில் நசுங்குவது இதுதான். கழுத்தை நெரிப்பது போன்ற அந்த வினைக்கு 'நெரிப்பு' என்றே சொல்வோம். 1757இல் மருத்துவர் வில்லியம் ஹண்டர் விவரித்த நோயாளிக்கும் நேர்ந்தது நெரிப்பே. மேகநோயால் (சிபிலிஸ்) வீங்கிப் புடைத்த பெருந்தமனி சிரையை நசுக்கியிருந்தது.

ஆனால் நோய் முழுவதற்கும் அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. டயாலிசிஸுக்காகவும் கீமோதெரபிக்காகவும் பெருஞ்சிரையில் செருகும் குழாய்கள், பேஸ்மேக்கர் கம்பிகள் ஆகியவற்றைச் சுற்றி இரத்தம் உறைந்தும் வழி அடைபடுகிறது. அங்கே நெரிப்பதற்கு வெளியில் எதுவும் இல்லை. சிகிச்சையும் வேறு: உறைவென்றால் உறைவெதிர் மருந்து, அந்தக் குழாயை எடுப்பதா என்ற முடிவு; புற்றென்றால் கதிர்வீச்சு, கீமோதெரபி. சிரையை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் இரண்டிலும் உதவும். பெயர் ஒரு காரணத்தோடு ஒட்டிக்கொண்டால் படிக்கும் மாணவர் மற்றதைத் தேடவே மாட்டார்.

ஆகவே பொதுப்பெயர் 'மேற்பெருஞ்சிரைத் தடை நோய்க்குறித்தொகுப்பு'. அதன் கீழ் 'புறநெரிப்பு', 'உள்ளுறைவு' என இரு பிரிவுகள். நீளம்தான், மறுக்கவில்லை. நோயாளியிடம் பேச 'மேற்சிரைத் தடை' போதும். காலையில் முகம் வீங்கி, சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட முடியாமல், குனிந்தால் தலை கனத்து, மார்பின் மேல் சிரைகள் புடைத்து வருபவருக்கு, மேலிருந்து இதயத்துக்கு இறங்கும் இரத்தம் தடைபடுகிறது என்பதை அந்த இரண்டு சொற்களே விளக்கிவிடும்.

'தடை'யை விட 'அடைப்பு' மேல் என்று யாரேனும் கருதினால் எழுதுங்கள். சிரை முழுதும் மூடாமல் குறுகியிருக்கும் நிலையும் இதில் அடங்கும் என்பதால்தான் தடையைத் தேர்ந்தேன்.