இசோக்கோ மொழியில் அடிப்படைச் சொற்கள்: எங்கே தப்பு?

ஆரப்பாளையம்:
மதுரையில் எங்கள் விடுதியில் பக்கத்து அறைக்காரர் நைஜீரியாவின் டெல்டா மாநிலம், ஓசோரோ ஊர். தாய்மொழி இசோக்கோ. இணையத்தில் கிடைத்த சொற்பட்டியலைத் தமிழில் எழுதிப் படித்தேன். நான் சொல்வது பாதிக்கு மேல் அவருக்குப் புரியவில்லை. என்ன செய்வது?

திருப்பரங்குன்றம்:
தமிழில் எழுதியதுதான் முதல் தப்பு தம்பி. இசோக்கோவை ரோமன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். அதில் எ, ஒ இரண்டும் இரண்டு வகை: கீழே புள்ளி இல்லாதது, புள்ளி உள்ளது. புள்ளியை விட்டால் சொல்லே மாறிவிடும். புள்ளியில்லாத ‘எமெ’ என்றால் ‘என்ன’. அதே சொல்லில் முதல் எழுத்துக்குப் புள்ளி வைத்தால் ‘பேச்சு’. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

புள்ளி வைத்த ஒலிகள் நம் வாயில் ஏற்கெனவே உண்டு. நம்மூர்ப் பேச்சில் ‘அவன்’ என்பதன் கடைசியில் வருகிற எகரத்தை மூக்கில் விடாமல் சொன்னால் புள்ளி எ. ‘மரம்’ என்பதன் கடைசி ஒலியையும் அப்படியே மூக்கில்லாமல் சொன்னால், கிட்டத்தட்ட புள்ளி ஒ.

பத்து என்பது ‘இக்பெ’. இதை இக், பெ என்று உடைக்கக் கூடாது. உதட்டை மூடி, நாக்கின் பின்பகுதியையும் ககரத்துக்கு வைப்பதுபோல அடைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும்.

கைபேசியில் யோருபா விசைப்பலகை சேர்த்துக்கொள்ளுங்கள், புள்ளி எழுத்து இரண்டும் அதில் இருக்கிறது.

மேலூர்:
பட்டியலையும் சரிபாருங்கள். பக்கத்து மொழியான உர்ஹோபோவை இசோக்கோ என்று போட்டிருப்பார்கள். எண்ணைப் பார்த்தால் போதும்: இசோக்கோவில் மூன்று ‘எசா’, ஐந்து ‘இசொய்’. மூன்றுக்கு ‘எர்ஹா’, பத்துக்கு ‘இஹ்வெ’ என்று இருந்தால் அது உர்ஹோபோ.

பெயர்ச்சொற்களை ஜோடியாகப் படியுங்கள். நமக்கு ‘கள்’ கடைசியில் ஒட்டும். அங்கே பன்மைக்கு முதல் உயிரெழுத்து மாறும். ஆள் ‘ஒஹ்வொ’, ஆட்கள் ‘அஹ்வொ’. பிள்ளை ‘ஒமொ’, பிள்ளைகள் ‘எமொ’. பொருள் ‘ஒவாரெ’, பொருள்கள் ‘எவாரெ’. ஒருமையை மட்டும் மனப்பாடம் செய்தால் பிறகு பன்மை காதில் விழும்போது புதுச்சொல் மாதிரி இருக்கும். எண் பெயருக்குப் பின்னால் வரும்: ‘அஹ்வொ இவெ’, இரண்டு பேர்.

நூறு ‘உதுசொய்’. கடைசியில் ஐந்து ஒளிந்திருக்கிறது பாருங்கள், ஐந்து இருபது. கணக்கு இருபது இருபதாகப் போகிற மொழி.

ஆரப்பாளையம்:
அண்ணே, என் பட்டியலில் மூன்றுக்கு ‘எர்ஹா’தான்! பட்டியலை மாற்றிவிடுகிறேன். வாக்கியமாக எதில் தொடங்கலாம்?

திருப்பரங்குன்றம்:
‘மெ க்வொலொ அமெ’, எனக்குத் தண்ணீர் வேண்டும். ‘அமெ’தான் தண்ணீர். அந்த இடத்தில் ‘எமு’ போட்டால் சாப்பாடு வேண்டும். பிறகு ‘டா அமெ’, தண்ணீர் குடி. ‘ரெ எமு’, சாப்பாடு சாப்பிடு. வேகமாகப் பேசும்போது ‘ரெ எமு’ ஒட்டி ‘ரெமு’ மாதிரி கேட்கும், அதனால் தனிச்சொல்லாக மட்டும் பழகாதீர்கள்.

இந்த மொழியில் குரலின் ஏற்ற இறக்கமும் பொருளைப் பிரிக்கும், ஆனால் எழுத்தில் அதற்குக் குறி போடுவதில்லை. ஆகவே ஒரு நாளைக்கு ஐந்து சொல், ஒவ்வொன்றையும் அவர் குரலில் மூன்று முறை பதிவு செய்து வாங்கி, அதே சுருதியில் சொல்லிக் காட்டுங்கள். விடுமுறையில் அவர் ஊருக்குப் போனாலும் குரல்செய்தியில் தொடரலாம். அங்கே நம் நேரத்தைவிட நாலரை மணி பின்னால்.